அளவுப் புத்தகம்

முப்பத்து நான்காம் வருடத்துப் பக்கம்:
தாக்லி, அம்ப்ரோஸ்.
மார்பு முப்பத்தாறு. இடுப்பு இருபத்தொன்பது.
இடது தோள் வலதைவிட அரை அங்குலம் தாழ்வு.
ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து:
பஞ்சு வை. காரணம் கேட்காதே.

கேட்கவில்லை. அவனே சொன்னான்,
வாய் நிறையக் குண்டூசியோடு
நான் அவன் காலடியில் மண்டியிட்டிருந்தபோது.
பதில் பேச முடியாதவளிடம்
எல்லோருக்கும் உண்மை வந்துவிடும்.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில்
பதினாறு வயதுவரை மீன்கூடை சுமந்த தோள்.
அம்ப்ரோஸும் இல்லை, தாக்லியும் இல்லை,
பெர்ட் ஸ்ப்ரோட்.
அந்தப் பெயரை ஒரு நாடகக் கம்பெனி மானேஜர்
சிகரெட் நுனிபோல நசுக்கிவிட்டாராம்.

பிரபு. இளைய பிரபு. பிரபுவின் வக்கீல்.
டெயில் கோட் மட்டும் பதினேழு தைத்தேன்.
குதிரையைக் கண்டால் நடுக்கம் அவனுக்கு;
அங்கவடியில் கால் வைத்ததும்
காட்சியை வெட்டிவிடுவார்கள்.
வெள்ளிக் கரண்டியால் கண்ணாடியைத் தட்டிய குரல் என்று
பத்திரிகைகள் எழுதின.
தும்மினால் மட்டும் கிரிம்ஸ்பி வெளியே வரும்.

நாற்பத்திரண்டு. கடற்படைக் கேப்டன்.
சரிகை கிடைக்காத காலம்;
திரைச்சீலைக் குஞ்சலத்தைப் பிரித்து
கைப்பட்டையில் நான்கு கோடு போட்டேன்.
கறுப்பு வெள்ளைப் படம், யார் கண்டார்கள்?
தொட்டியில் வெந்நீர். முகத்தில்
எண்ணெய்க்குப் பதிலாகக் கரும்பாகு.
சர்க்கரைக்கு ரேஷன் அப்போது,
மூழ்கிச் சாகவேண்டிய துணை நடிகர்கள்
உதட்டை நக்கிக்கொண்டே செத்தார்கள்.
கப்பல் ஆறு முறை மூழ்கியது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே தந்தி வந்தது.
தம்பி ஹெர்பி. கண்ணிவெடி வாரும் படகு. வட கடல்.
படித்தான். மடித்தான்.
சட்டைப்பையில் வைக்கப்போனான்.
அங்கே பை இல்லை.
பை போலத் தைத்த கோடு மட்டுந்தான்,
என் வேலைதான் அது.
என்னிடம் நீட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

ஏழாவது டேக்கைத்தான் வைத்துக்கொண்டார்கள்.
"பையன்களா, பிடித்துக்கொள்ளுங்கள்!"
வசனம் அதுதான், ஆனால் ஒலிக்காரர்
காதுக்கருவியைக் கழற்றி இயக்குநரைப் பார்த்தார்.
மறுவாரம் இருட்டறையில் நின்று
அந்த ஒரு வரியை வெள்ளிக் கரண்டிக் குரலில்
மறுபடி பேசிக் கொடுத்தான்.
ஒட்டியது தெரியவில்லை.
ஊரே கைக்குட்டையை நனைத்தது.

கிரிம்ஸ்பியில் அவன் அம்மாவும் பார்த்தாள்.
தகர டப்பா ஆலையில் காதை இழந்தவள்,
உதட்டைப் பார்த்தே பேச்சறிபவள்.
ஒரே வரியில் கடிதம் எழுதியிருந்தாள்:
படத்தில் நீ ஏன் ஹெர்பியைக் கூப்பிட்டாய்?

கேப்டன் தாக்லி அவர்களுக்கு என்று
கப்பற்காரர்களின் விதவைகள் எழுதினார்கள், மூட்டை மூட்டையாக.
எல்லாவற்றுக்கும் பதில் போட்டான்.
அம்மாவுக்குப் போட்டானா, தெரியாது.

இனி அவசரமாகப் புரட்டலாம்.
ஐம்பத்தொன்று: இடுப்பு முப்பத்தேழு. மாமனார் வேடம்.
ஐம்பத்தெட்டு: நாற்பத்தொன்று. நூலகத் தரையில் பிணம்.
பிணத்துக்குப் பின்பக்கம் தைக்கத் தேவையில்லை,
துணி மிச்சம்.
அறுபத்து மூன்றில் அளவு இல்லை.
குடித்துவிட்டு வந்தான், நான் டேப்பைச் சுருட்டிவிட்டேன்.
இரண்டு மனைவிகளும் நல்லவர்கள் என்றுதான் சொல்வான்,
வேறெதுவும் சொன்னதில்லை.

கடைசியாக எழுபத்தொன்று.
சலவைத்தூள் விளம்பரம், டெலிவிஷனுக்கு.
பிரபு இல்லை; பிரபு வீட்டுச் சமையற்கட்டுப் பணியாள்.
தோள் இரண்டும் இப்போது ஒரே மட்டம்,
வலதும் இறங்கிவிட்டது.
பஞ்சை வெளியே எடுத்தேன்.
இடது மார்பில் நிஜப் பை ஒன்று வைத்தேன்,
யாரும் கேட்காமல்.

விளக்கு எரிந்தது.
வெள்ளைத் துவாலையைத் தூக்கிக்காட்டி
"என்ன வெண்மை, மேடம்!" என்று சொல்லவேண்டும்.
கை எதேச்சையாக மார்புக்குப் போனது.
உள்ளே இறங்கியது.
வசனம் நின்றுபோயிற்று.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
துவாலைக்கு மேலாக என்னைத் தேடினான்,
பெர்ட் ஸ்ப்ரோட்,
விரல்கள் ஐந்தும் பைக்குள்ளே.

பை: ஆழம் ஐந்தே கால் அங்குலம்.